தோலில் பதியும் எழுத்து



சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, ஓதிய குர்ஆன் பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறதாம். தோல் மட்டை. முன்பக்கத்தில் பதித்திருந்த அரபு எழுத்துகளில் இருந்த பொன் நிறம் உதிர்ந்து, இப்போது பள்ளம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. “தோலை நனைத்து, எழுத்துகளை மறுபடி அழுத்தி, பொன் நிறப் பெயின்ட் பூசி, கறுப்பால் கரை கட்டினால் புதிதுபோல ஆகிவிடாதா? றமழானுக்கு முன் முடித்துவிட ஆசை. நீங்கள் மத்ரஸாவில் கிதாபு கட்டியவர் என்று சொல்கிறார்கள், அதனால் கேட்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

கிதாபு கட்டியது உண்மைதான். ஓதுகின்ற காலத்தில் பிய்ந்துபோன கிதாபுகளைத் தைத்து, மாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து மட்டை ஒட்டுவது எங்கள் வியாழக்கிழமை வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், சகோதரி: அந்த மட்டையை நனைக்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

காரணம் இதுதான். பழைய கிதாபுகளின் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. பல பத்தாண்டுகள் போக, காற்றிலுள்ள அமில வாயுக்களாலும் வெப்பத்தாலும் அந்தத் தோலின் நார் உள்ளுக்குள்ளே அரிந்துபோகும். வெள்ளைத் துணியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். செங்கல் தூள்போலச் சிவப்பாக ஒட்டினால், தோல் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தோலில் தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுத்து, சுருங்கி, காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும். பிறகு அதை எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதன்மேல் அச்சை வைத்து அடித்தால் எழுத்து பதியாது, மட்டைதான் உடையும். தேங்காய் எண்ணெய் தடவினால் மினுங்கும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்வார். அதுவும் வேண்டாம். எண்ணெய் கடதாசிக்கு இறங்கும்.

அந்தப் பிரதியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, நிமிர்த்தி வைக்காமல் படுக்கையாக, வெயிலும் ஈரச் சுவரும் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். நம் நாட்டு மழைக்காலத்தில் பைக்குள் ஈரம் அடைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்பாவின் கை பட்ட மட்டை அப்படியே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் ஆசையை வேறு வழியில் நிறைவேற்றலாம். அந்தப் பிரதி உள்ளே போகும் அளவில் புதுத் தோலில் ஓர் உறை தையுங்கள். எழுத்துப் பதிப்பதையும் வர்ணம் தீட்டுவதையும் கரை கட்டுவதையும் அந்த உறையில் செய்யுங்கள். பிழைத்தால் உறைதான் போகும். வுழூவுடன் பிரதியை எடுத்து, கடதாசியால் அளவை வெட்டிக்கொண்டு, பிரதியை அதன் இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உறைக்குள் குர்ஆன் இருக்கும்போது அந்த உறையையும் வுழூ இல்லாமல் தொடக்கூடாது என்பதுதான் நம் ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. உறை வெறுமையாக இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே தட்டுவதும் தீட்டுவதும் நிம்மதியாக நடக்கும்.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப்பேர் இங்கேதான் காசை வீணாக்குகிறார்கள். கைப்பை, சப்பாத்து செய்கிறவர்களிடம் மிஞ்சும் துண்டுகளில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. மென்மையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் அச்சை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சற்று நேரத்தில் எழுத்து மேலெழும்பி மறைந்துவிடும். ரப்பரில் நகத்தை அழுத்தியதுபோல. எழுத்துப் பதிய வேண்டுமானால் மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட மரபு பேர்போனது. அந்தத் தொழிலில் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் அதை உறிஞ்சி அந்த இடம் கருமையாகும். ஈரமான அந்த இடத்தில் நகத்தால் கீறினால் கோடு அப்படியே நிற்கும். குரோமியத் தோலில் தண்ணீர் உருண்டு நிற்கும், அல்லது நகக் கோடு நிற்காது. வெட்டிய ஓரத்தில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தாலும் அது குரோமியம்தான். தடிப்பு இரண்டு மிலிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள். மெல்லிய ஆட்டுத்தோலில் எழுத்து ஆழமாக இறங்காது.

இன்னொரு விடயம். உள்பக்கம் ஒட்டுவதற்கென்று மலிவாகக் கிடைக்கும் இறக்குமதித் துண்டுகளில் பன்றித் தோலும் கலந்து வரும். அதன் மேற்பரப்பைக் கவனித்துப் பார்த்தால் மயிர்த் துளைகள் மூன்று மூன்றாக, முக்கோணமாகக் கூடி இருக்கும். மாட்டுத் தோலில் அப்படி இராது. பதனிட்டால் தோல் சுத்தமாகும் என்ற சட்டத்தில் நாயும் பன்றியும் சேராது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி பதிப்பது. சுத்தமான ஸ்பொஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தோலின் இரு பக்கமும் சமமாகத் துடையுங்கள். ஓரிடத்தில் மட்டும் நனைத்தால் காய்ந்தபின் வட்டமாகத் தழும்பு தெரியும். நனைத்த உடனே அடிக்காதீர்கள். தோல் கறுத்திருக்கும். சற்றுப் பொறுங்கள். நிறம் ஏறத்தாழ முன்போலத் திரும்பி, கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் ஒரு பதம் வரும். அதுதான் நேரம். ரொட்டிக்கு மா பிசைகிறவர்களுக்குப் பதம் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. ஈரம் கூடினால் எழுத்தின் ஓரம் குழைந்துபோகும், குறைந்தால் எழுத்து மேலோடு நிற்கும்.

அடியில் கனமான, மழமழப்பான கல் வேண்டும். மாபிள் வெட்டும் இடத்தில் கழிவுத் துண்டு கேட்டால் தருவார்கள். அம்மி வேண்டாம், அதன் கொத்து தோலின் முதுகில் பதியும். சுத்தியல் மரமாக இருக்கட்டும். இரும்புச் சுத்தியல் அச்சின் தலையைச் சிதைக்கும். அச்சை நேராகப் பிடித்து, உறுதியாக ஒரே அடி. இரண்டாவது அடியில் அச்சு மயிரிழை அசைந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். உறைத் தோலில் கை வைக்க முன் கழிவுத் துண்டில் பத்து எழுத்தாவது அடித்துப் பாருங்கள்.

ஈரத் தோலில் இரும்பு படவே விடாதீர்கள். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாலோ, துருப் பிடித்த கத்தரிக்கோலை அதன்மேல் வைத்துவிட்டாலோ நீலக் கறுப்பாகக் கறை விழும், போகாது. இந்தக் கறையின் கதை சுவையானது. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. மூத்தம்மாமாரின் மருந்துப் பெட்டியில் இருக்கும் மாசிக்காயிலும் அதே துவர்ப்புச் சத்து நிறைய உண்டு. அதை இடித்து ஊறவைத்து அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்த்தால் மை. அரபுகள் மாசிக்காயை ‘அஃப்ஸ்’ என்பார்கள். நூற்றாண்டுக் கணக்காகக் கிதாபுகளை எழுதிய மை வகைகளில் அது முக்கியமானது. உங்கள் தோலில் விழுந்தால் கறை, அவர்கள் பேனையில் இருந்தால் எழுத்து!

பெயர் பதிப்பவர்கள் இடது ஓரத்திலிருந்து தொடங்கி, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் நெருக்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நடுவிலிருந்து தொடங்குங்கள். ஃபாத்திமா என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. நான்காவதாக வரும் ‘எச்’ நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பிறகு இரு பக்கமும் போங்கள். ‘ஐ’ ஒடுங்கியது, ‘எம்’ அகன்றது. ஆகவே அடிமட்டத்தால் ஒரே அளவு குறித்தால் கண்ணுக்குச் சமமாகத் தோன்றாது. கடதாசியில் முதலில் அச்சுகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கோடு போடப் பென்சில் வேண்டாம், மை தீர்ந்த போல்பொயின்ற் பேனை முனையே போதும். தோலில் பதிந்த எழுத்துக்கு அழிறப்பர் கிடையாது.

கடையில் கிடைக்கும் அச்சுத் தொகுதிகள் ஆங்கிலத்துக்கானவை. நம் அரபு எழுத்து கைகோர்த்து நிற்கும் எழுத்து. தனித்தனி அச்சாக அடித்தால் ஒட்டுப் போட்ட சட்டைபோல இருக்கும். அதற்கு இரண்டு வழி. அச்சகங்களுக்கு உலோக பிளொக் செய்து கொடுப்பவர்களிடம் முழுச் சொல்லையும் ஒரே பிளொக்காகச் செய்வித்து, இறுக்கி (கிளாம்ப்) கொண்டு அழுத்துவது ஒன்று. பிளொக்கில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக இருக்க வேண்டும். காசு கொடுக்க முன் ஒரு ரொட்டி மா உருண்டையில் அழுத்திப் பாருங்கள். புள்ளி ஒன்று மாறினாலும் பொருள் மாறும், ‘ஜீம்’ ‘ஹா’ ஆகும். மற்ற வழி, எழுத்தைக் கடதாசியில் வரைந்து ஈரத் தோலின்மேல் வைத்து மழுங்கிய முனையால் ஒற்றி எடுத்து, பிறகு கரண்டிக் காம்புபோன்ற மொட்டை முனையால் சிறிது சிறிதாக அழுத்தி இறக்குவது. தமிழ் எழுத்துக்கும் இந்த வழிதான் கைகொடுக்கும். நேரம் எடுக்கும், ஆனால் கையெழுத்தின் அழகு அதில் வரும்.

பதித்து முடிந்ததும் ஒரு முழு நாள் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் வளையும். மறுநாள் வர்ணம்.

வர்ணத்தில் என்ன பூசுவது? வீட்டில் இருப்பதைப் பூசிவிடுகிறார்கள்: நகப் பூச்சு, கதவுக்குப் பூசும் எனாமல், பிள்ளைகளின் போஸ்டர் கலர். நகப் பூச்சும் எனாமலும் காய்ந்தால் விறைத்துப்போகும். தோலோ வளைகிற பொருள். பத்து தடவை உறையைத் திறந்து மூடினால் வெடித்து உதிரும். போஸ்டர் கலர் வியர்வைக் கைக்கே கரையும். தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வர்ணம், காய்ந்தபின் வளைந்து கொடுக்கும், கரையாது. அதை வாங்குங்கள். சாயம் வேறு, வர்ணம் வேறு என்பதையும் கவனியுங்கள். சாயம் நாருக்குள் ஊறிப் பரவும், எழுத்தின் எல்லைக்குள் நிற்காது. வர்ணம் மேலே படிந்து நிற்கும்.

வர்ணம் பூச முன் அந்த இடத்தைச் சிறிது ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் வர்ணம் பிடிக்காது. பாலைப்போல மெல்லியதாகக் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசுங்கள், ஒவ்வொரு தடவையும் காயவிட்டு. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் பள்ளம் நிரம்பி, பதித்த எழுத்தின் வடிவமே மழுங்கிவிடும். பாதாளத்தில் இருக்கும் எழுத்துக்கு அழகு அதன் நிழல்தானே.

கரை கட்டுவதுதான் இந்த வேலையில் என் மனதுக்குப் பிடித்த பகுதி. இதற்கு நம் முன்னோர் ‘தஹ்ரீர்’ என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். பொன் நீரால் எழுதிய எழுத்தைச் சுற்றி மயிரிழைபோலக் கறுப்புக் கோடு ஓட்டுவார்கள். ஏன்? பொன் வெளிச்சத்தில் மினுங்கும், ஆனால் மினுக்கத்தில் எழுத்தின் ஓரம் கரைந்துபோகும். வாசிப்பவர் கண்ணுக்கு எல்லை வேண்டும். வட ஆபிரிக்காவோடு தொடர்புபடுத்தப்படும் ‘நீலக் குர்ஆன்’ என்ற புகழ்பெற்ற பிரதியில், அவுரி நீலத்தில் தோய்ந்த தோல் தாளின்மேல் பொன் எழுத்துகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு உண்டு. எகிப்தில் பைபர்ஸ் அல் ஜாஷ்னகீர் 1304 முதல் 1306 வரை எழுதுவித்த ஏழு பாகப் பிரதியும் பொன் எழுத்தில் ஆனது. அது இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

மட்டைக் கலையும் அப்படியே வளர்ந்தது. கைரவான் பெரிய பள்ளிவாசலில் பாதுகாக்கப்பட்ட மிகப் பழைய தோல் மட்டைகள் ஆய்வாளர்களுக்குப் பெரும் செல்வம். நம் கிதாபு மட்டைக்கு இடப்பக்கத்திலிருந்து மடிந்து வரும் ஒரு நாக்கு உண்டல்லவா? அதற்குப் பெயரே ‘லிஸான்’, நாக்குத்தான். பல குர்ஆன் மட்டைகளில் அந்த மடிப்பின் மேல் வாகிஆ அத்தியாயத்தின் 79ஆம் வசனத்தைப் பதித்தார்கள். திறக்கிற கை முதலில் காண்பது அதைத்தான். உஸ்மானியக் கைவினைஞர்கள் மட்டையின் நடுவில் ‘ஷம்ஸா’ என்ற சூரிய வடிவை அச்சால் அழுத்தி இறக்கி, சிலவற்றில் பூவேலையை விட்டுப் பள்ளத்துக்கு மட்டும் பொன் பூசினார்கள். சிலவற்றில் பள்ளத்தை விட்டுப் பூவேலைக்கு மட்டும். இரண்டையும் உங்கள் உறையில் செய்து பார்க்கலாம்: எழுத்துக்கு வர்ணம், அல்லது எழுத்தை விட்டுச் சுற்றியுள்ள தளத்துக்கு வர்ணம்.

இதையெல்லாம் எழுதியும் வைத்தார்கள். ஸ்பெயினின் இஷ்பீலிய்யா நகரத்தவரான பக்ர் அல் இஷ்பீலி நூல் கட்டும் கலைக்கென்றே ஒரு கிதாபு எழுதினார். மொரோக்கோவில் 1619இல் ஸுஃப்யானி எழுதிய நூலின் பெயரிலேயே நூல் கட்டும் தொழிலோடு பொன்னைக் கரைக்கும் தொழிலும் சேர்ந்து வருகிறது. பொன் தகட்டைத் தேனிலோ பிசினிலோ போட்டு மணிக்கணக்காக அரைத்து, கழுவி, தூரிகையில் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் அந்தக் கரைப்பு. நமக்கு இன்று சின்னப் போத்தலில் பொன் நிறம் கிடைக்கிறது. அதில் பொன் இல்லை, மினுங்கும் தூள்தான். ஒருவேளை உண்மைப் பொன்னே கிடைத்தாலும், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் குர்ஆன் பிரதியை வெள்ளியால் அலங்கரிப்பதை எல்லோருக்கும், பொன்னால் அலங்கரிப்பதைப் பெண்ணுக்கும் ஆகும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சலுகையை நம் வீட்டுப் பெண்களில் எத்தனைபேர் அறிந்திருப்பார்களோ தெரியாது!

கரை கட்ட, மிக மெல்லிய தூரிகை, பூச்சியத்துக்கும் கீழான இலக்கம் கேளுங்கள். உள்வர்ணம் முற்றாகக் காய்ந்த பிறகே தொடங்குங்கள். சின்ன விரலைத் தோலில் ஊன்றிக்கொண்டு, தூரிகையை உங்கள் பக்கமாக இழுங்கள், தள்ளாதீர்கள். வளைவு வந்தால் கையை முறுக்காமல் தோலைத் திருப்புங்கள். அச்சு பதித்த பள்ளத்தின் விளிம்பே உங்களுக்கு வழிகாட்டும், தூரிகை முனை அதில் சாய்ந்து ஓடும். கோடு தப்பினால் உடனே ஈரத் துணி முனையால் எடுத்துவிடுங்கள், காய்ந்தால் எடுக்க முடியாது. மார்க்கர் பேனையால் கரை கட்டுவது சுலபமாகத் தெரியும். ஆனால் அதன் மை ஸ்பிரிட்டில் கரைகிற மை. மேலே மினுக்கு எண்ணெய் பூசியதும் ஊறிப் பரவி, ஒரு மணி நேர உழைப்பு ஊதா நிறமாகிவிடும். கடைசியில் தண்ணீர் கலக்கும் மேற்பூச்சு ஒன்றை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, பிறகு தைக்கலாம். தையல் துளையை எழுத்துக்குக் கிட்டப் போடாதீர்கள்.

உறை முடிந்து கை பழகிய சகோதரிகள் சிலர், இதையே கைத்தொழிலாகச் செய்து பணப்பை, திறப்புக் கொத்து, பாடசாலைப் பைப் பட்டி என்று பெயர் பதித்து விற்கிறார்கள். வீட்டுக்குள் இருந்தபடி உழைக்க நல்ல வழி. அவர்களுக்கு ஒன்று. ‘அப்துல்லாஹ்’, ‘அப்துர் ரஹ்மான்’ என்று கேட்கிறவர்களுக்கு முழுப் பெயரைப் பணப்பையில் பதிக்காமல் முதலெழுத்துகளை மட்டும் பதித்துக் கொடுங்கள். பணப்பை மலசலகூடத்துக்கும் கூடவே போகிற பொருள். அல்லாஹ்வின் திருநாமம் பதிந்ததை அங்கே கொண்டுபோவது மக்ரூஹ். பதித்த எழுத்து மோதிரத்தைப்போலக் கழற்றி வைக்கக்கூடியதும் அல்ல. வாங்குபவரிடம் காரணத்தைச் சொன்னால் கோபிக்க மாட்டார்.

கேள்வி கேட்ட சகோதரிக்குக் கடைசியாக: றமழானுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு மிலிமீற்றர் பட்டைத் தோல், பிரதியின் அளவைவிட நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். பிரதியின் தடிப்பையும் அளக்க மறக்காதீர்கள்.